சூடு காட்டாத வாஷர்

அன்புள்ள மாப்பிள்ளை தேவசகாயத்துக்கு,

கர்பியூவை, அந்த ஊரடங்கை, எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் இனி ஆறு மணிக்கு வேலிக் கதவைப் பூட்டுவதில்லை. புலாவ் செபாங்கிலிருந்து வந்த லோரிக்காரர் சொன்னார், ஏழரை மணிக்குக்கூட ஆட்கள் சைக்கிளில் போகிறார்களாம், யாரும் நிறுத்துவதில்லையாம். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வருடம் முன்னால் எடுத்திருக்கக் கூடாதா? வண்டியைத் தள்ளிக்கொண்டு, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு, ஏழு மணிக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். என் தங்கை ஆரோக்கியம் சோறு போட்டிருப்பாள். அடுத்த சனிக்கிழமை பாச்சாங்கில் என் பட்டறைக்கு வந்து, "என்ன மச்சான் வேலை பார்த்தீங்க" என்று ஒரு பிடி பிடித்திருப்பீர்கள். அந்தத் திட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆகையால்தான் எழுதுகிறேன். இதை யார் படித்தாலும் படிக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். நண்பகலில் வந்தீர்கள். போருக்கு முந்திய அந்த ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளை நான்தான் உங்களுக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தோட்டங்களுக்கும் வைத்தியம் பார்க்கும் ஒரே டிரஸ்ஸர் நீங்கள், காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் நடந்து போய்ச் சேர முடியாது என்று. பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி வலது காலைத் தூக்கிக் கால்சட்டையைக் காட்டினீர்கள்.

"மச்சான், வெள்ளை சிலுவார் பூரா எண்ணெய். உங்க தங்கச்சி இனிமே துவைக்க மாட்டேன்னுட்டா. எங்கேருந்து ஒழுகுதுன்னு பாருங்க லா."

"பழைய வண்டி மாப்பிள்ளை. கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்" என்று சிரித்தேன்.

சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அந்த வண்டிக்கு எண்ணெய் எஞ்சினுக்குள் இல்லை. சீட்டுக்குக் கீழே வலப்பக்கம் தனித் தொட்டி. அங்கிருந்து எஞ்சினுக்குப் போய்ச் சுற்றிவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பி வரும். திரும்பி வரும் குழாயைத் தொட்டியில் முடுக்குகிற இடத்தில் ஒரு செப்பு வாஷர் இருக்கிறது. அங்கே ஈரம் தெரிந்தது. கழற்றினேன். செம்பு ஒருமுறை அழுந்திவிட்டால் கெட்டியாகிவிடும். அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும், அப்போதுதான் சந்து அடைபடும். இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். இது எனக்குத் தெரியாததா?

கரி அடுப்பு அணைந்திருந்தது. மூட்டி, காய்ச்சி, மாட்ட, கூடிப்போனால் பத்து நிமிடம். உள்ளே மீன் குழம்பு கொதித்த வாசம். எனக்குப் பசி.

அவ்வளவுதான் காரணம், மாப்பிள்ளை. வேறு ஏதாவது பெரிய காரணம் கிடைக்காதா என்று இந்த ஒரு வருடமும் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை. பழைய வாஷரையே மாட்டி, வழக்கத்தைவிட அரைச் சுற்று கூடுதலாக முடுக்கினேன். எஞ்சினைக் கிளப்பி நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். ஒரு சொட்டு இல்லை. "சரியாப் போச்சு" என்றேன்.

அதோடு விட்டேனா? பின்னால் கேரியரில் எப்போதும் ஒரு போத்தல் எண்ணெய் கட்டி வைத்திருப்பீர்கள். அதை நான் அவிழ்த்தேன். "இனிமே இது எதுக்கு? ரோட் பிளாக்ல இது என்ன போத்தல், யாருக்குன்னு நோண்டுவானுங்க." நீங்களும் நிம்மதியாகச் சிரித்தீர்கள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி ரயிலில் வருகிறது என்று புலாவ் செபாங் ஸ்டேஷனுக்குப் போனீர்கள். ரயில் பிந்தியது. பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு நீங்கள் புறப்பட்டபோது மணி ஐந்து தாண்டிவிட்டது என்று ஸ்டேஷன் கூலி பிறகு சொன்னார். தோட்டத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டது. எண்ணெய் இல்லாத எஞ்சின் அப்படித்தான் நிற்கும், பின் சக்கரத்தையே பூட்டிக்கொண்டு. நீங்கள் உதைத்துப் பார்த்திருப்பீர்கள். கேரியரைத் திரும்பிப் பார்த்திருப்பீர்கள், போத்தல் இருக்கிறதா என்று.

அதன் பிறகு தள்ள ஆரம்பித்தீர்கள். ஆறு மணிக்குக் கதவு மூடிவிடும் என்பதால் செம்மண் ரோட்டை விட்டு, ரப்பர்ப் பால்மரங்களுக்குள் காட்டோரமாகப் போகும் குறுக்கு வழியில் இறங்கினீர்கள். ஆறு அடித்துச் சற்று நேரத்தில் ரோந்து வந்தவர்களுக்கு மரங்களுக்கு இடையில் ஓர் ஆள் எதையோ தள்ளிக்கொண்டு போவது தெரிந்திருக்கிறது. கத்தினார்களாம். நீங்கள் திரும்பினீர்களாம். சுட்டுவிட்டார்கள்.

சுட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழுப் பழியையும் அவன்மேல் போட்டுவிட்டு நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

புதன்கிழமை உங்களை அடக்கம் செய்தோம். வியாழக்கிழமை ஆரோக்கியத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நான் கூடப் போனேன். மூத்தவள் மேரியைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் விட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். கர்பியூ நேரம், காட்டோரப் பாதை, கையில் ஒரு பெட்டி மருந்து. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோனார் என்றுதானே எவரும் நினைப்பார்கள் என்றார்.

"வண்டி கெட்டுப்போச்சு துவான். அதான் தள்ளியிருக்காரு" என்றேன் மலாயில்.

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் அவருடைய ஆள் ஒரே உதையில் அந்த வண்டியைக் கிளப்பிவிட்டானாம். ஓடுகிற வண்டியை ஒருவன் ஏன் தள்ளுகிறான்? சத்தம் கேட்கக் கூடாது என்றுதானே?

எண்ணெய் வற்றிப் பிடித்துக்கொண்ட எஞ்சின் ஆறினால் விட்டுவிடும், மறுநாள் கிளம்பும் என்று சொன்னேன். தொட்டி காலியாக இருந்ததா என்று கேட்டேன். காலிதான், ஆனால் வண்டி இரவெல்லாம் சாய்ந்து கிடந்தது, கொட்டியிருக்கும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். திங்கட்கிழமை இந்தக் காகிதம் மேலே போகும், குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பச் சொன்னாலும் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் ஆரோக்கியம் கேட்டாள்: "எந்த ஊருக்கு அண்ணே? நான் பொறந்தது இங்கே ஜாசின்ல. இந்தியாவுல யாரு இருக்கா எனக்கு?"

"நான் கண்டுபிடிக்கிறேன். எங்கே ஒழுகுச்சுன்னு காட்டிட்டா போதும். அவரு பேரும் சுத்தமாயிடும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படிப் பிடித்ததில்லை.

வியாழன் மாலையும் வெள்ளி முழுவதும் ரோட்டில் குனிந்து நடந்தேன். மழை பெய்திருந்தது. செம்மண்ணில் ஒன்றுமில்லை. மரப்பாலத்தில் மட்டும் பலகைகள் எண்ணெயைக் குடித்திருந்தன. முழங்காலிட்டு மோந்துகூடப் பார்த்தேன். பாலத்தில் காவல் நின்றவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். தோட்டத்து லோரி அத்தனையும் அந்தப் பாலத்தில்தான் போகிறது என்றார்.

சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் வண்டியைத் தொட விட்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றான். எஞ்சினின் கீழ்ப்பாகம் முழுவதும் எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடந்தது. ஓடுகிற வண்டியில் எண்ணெய் எங்கே கசிந்தாலும் காற்று அதை இழுத்துக்கொண்டு போய்க் கீழேயும் பின்னாலும் பூசிவிடும். ஈரம் இருக்கிற இடம் ஒழுகுகிற இடம் ஆகாது. மண்ணெண்ணெயால் கழுவினேன். எண்ணெய் ஊற்றிக் கிளப்பினேன். உள்ளே கல் உருளுகிற மாதிரி சத்தம், பிஸ்டன் காயம்பட்டுவிட்டது. இருந்தாலும் ஓடியது. நின்ற இடத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சிலிண்டர் அடி, கேஸ் மூட்டு, பம்ப் மூடி. எங்கும் காய்ந்து கிடந்தது.

திரும்பு குழாயையும் பார்த்தேன். அங்கேயும் சொட்டு இல்லை. அப்போது என் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது, மாப்பிள்ளை. என் தங்கையைக் கப்பலேற்றப் போகிறார்கள், உங்கள் பெயர் கெடப் போகிறது, எனக்கு நிம்மதி வருகிறது! அந்த ஒரு நொடியைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் தோட்டத்துக்குப் போய் ஆரோக்கியத்திடம் கேட்டேன்: "அன்னிக்கு மாப்பிள்ளை போட்டிருந்த சிலுவார் எங்கேம்மா?"

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை இழுத்துக் கொடுத்தாள். "துவைக்கல" என்றாள்.

மேலே இடுப்புப் பக்கம் ரத்தம். அதை விவரிக்க மாட்டேன். வலது காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே உட்புறமாக, எண்ணெய்க் கறை. அது ஒழுகி வழிந்த கறை இல்லை. பொட்டுப் பொட்டாக, விசிறி விரிந்த மாதிரி பீய்ச்சி அடித்த கறை. இடது காலில் துளியும் இல்லை.

வண்டியில் உட்காரும் ஒருவனுடைய கெண்டைக்காலுக்கு நேரே என்ன இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நின்று ஓடும்போது எண்ணெய் மெல்லத்தான் திரும்பும். எஞ்சின் சூடேறி வேகம் பிடித்தால்தான் அழுத்தம் ஏறும், இறுகிப்போன வாஷரின் சந்தில் பீய்ச்சும். சனிக்கிழமை பாச்சாங்கிலிருந்து வீடு வரைக்கும் பீய்ச்சியிருக்கிறது. திங்கட்கிழமை மிச்சமும் போயிருக்கிறது. நீங்கள் தொட்டியைத் திறந்து பார்க்கவில்லை. நான்தான் சரியாகப் போச்சு என்று சொல்லியிருந்தேனே.

"தெரிஞ்சிடுச்சா அண்ணே?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை காட்டுறேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைக் கட்டினேன்.

ஞாயிறு மாதா கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். சாமியார் காதில் சொல்லிவிட்டால் எனக்கு மனம் ஆறிவிடும், அப்புறம் திங்கட்கிழமை ஸ்டேஷனில் வாய் வராது என்று பயந்தேன். சட்டைப் பையில் ஒரு சின்ன அரம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். குழாயில் லேசாக ஒரு கீறல் போட்டு, கல் பட்டு ஓட்டையானது என்று காட்டினால் உங்கள் பெயரும் சுத்தமாகும், நானும் தப்பித்துக்கொள்ளலாம். இரவெல்லாம் அந்த யோசனைதான். நல்லவன் என்பதால் அதைச் செய்யாமல் விடவில்லை. புதுக் கீறல் பளபளக்கும், பிடிபட்டால் எல்லாமே பொய் என்றாகிவிடும். அதனால்தான் விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஆரோக்கியம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதே பெஞ்சில் இருந்தாள். குழந்தைக்குப் போடும் பவுடர் டின்னைக் கேட்டு வாங்கினேன். இன்ஸ்பெக்டர் முற்றத்துக்கு வந்தார். எஞ்சினைத் துடைத்துக் காயவிட்டு மேலும் கீழும் பவுடர் தூவினேன். வண்டி வெள்ளையாக நின்றது. கிளப்பி, நன்றாகச் சூடேறும் வரை விட்டேன். அதுவரை ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுதும் திருகினேன்.

திரும்பு குழாய் மூட்டில் பவுடர் கறுத்தது. பிறகு மெல்லிய விசிறியாக எண்ணெய் என் வலது காலில் அடித்தது. வண்டியை நிறுத்தி இறங்கினேன். உங்கள் சிலுவாரை விரித்து என் காலோடு சேர்த்துப் பிடித்தேன். உயரமும் பக்கமும் விரிந்த விதமும் ஒன்றாகவே இருந்தன.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். விழுந்த வேகத்தில் மூட்டு தளர்ந்திருக்கலாமே என்றார்.

கழற்றி வாஷரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அழுந்திய வளையத்தின் மேல், சற்று விலகி, இன்னொரு வளையம். ஒருமுறை அழுந்தி இறுகியதைச் சூடு காட்டாமல் மறுபடி மாட்டியிருக்கிறது, அதனால்தான் இரண்டு தழும்பு என்று விளக்கினேன். அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சியாப்பா பாசாங்?" என்றார். மாட்டியது யார் என்று.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தான்.

"சாயா, துவான்" என்றேன். நான்தான். "சனிக்கிழமை. ஒழுகுதுன்னு என்கிட்ட கொண்டு வந்தாரு. சரியாப் போச்சுன்னு நான்தான் சொன்னேன். அவர் வெச்சிருந்த எண்ணெய்ப் போத்தலையும் நான்தான் எடுத்துக்கிட்டேன்."

ஆரோக்கியத்துக்கு மலாய் தெரியும். பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். குழந்தை அழுதது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கவே இல்லை.

எழுதி வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். வண்டி பழுதால் தாமதம், சந்தேகத்துக்கு இடமில்லை என்று உங்கள் பெயருக்கு எதிரே எழுதினார்கள். கப்பல் பேச்சு நின்றுபோனது. என்மேல் வழக்கு ஒன்றும் இல்லையாம். இன்ஸ்பெக்டர் என் தோளில் கை வைத்து, போகலாம் என்றார். எனக்கோ யாராவது என்னை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினால் போதும் என்றிருந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் ஆரோக்கியம் கேட்டாள்: "சனிக்கிழமையே தெரியும்ல உனக்கு? சிலுவாரைப் பார்த்தப்பவே?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லாம, முதல்ல அந்த இன்ஸ்பெக்டர்கிட்டயா சொன்ன?"

நான் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தேன்.

"பத்து நிமிசம் ஆகும் மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு உக்காந்திருப்பாரே. எத்தனை பேர் வீட்டு வாசல்ல மணிக்கணக்கா உக்காந்திருந்த மனுசன். உன் பட்டறையில பத்து நிமிசம் உக்காந்திருக்க மாட்டாரா?"

பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் ஏறவில்லை.

புது டிரஸ்ஸர் வருகிறார் என்று மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார் தோட்டத்துத் துரை. இப்போது தெங்கேராவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை. பையன் நடக்கிறான். உங்கள் நெற்றி. மேரி பள்ளியில் சேர்ந்துவிட்டாள். ஞாயிறுதோறும் நான் அரிசியும் பாலும் வாங்கிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே நிற்பேன். மேரி இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போவாள். ஆரோக்கியம் ஒருமுறைகூட மேலே வரச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன ஞாயிறு மேரி வாங்கிக்கொண்டு, "மாமா, அம்மா மேலே வரச் சொன்னாங்க" என்றாள். அவள் பின்னால் படியேறினேன். அறையில் பாய் விரித்திருந்தது. ஆரோக்கியம் அடுப்பண்டை முதுகைக் காட்டி நின்றாள். காப்பி வந்தது. மேரி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அப்பா ஏன் வண்டிய அங்கேயே போட்டுட்டு ஓடி வரல? ஓடி வந்திருந்தா ஆறு மணிக்குள்ள வந்திருக்கலாம்ல?"

ஏழு வயதுப் பிள்ளைக்கு இது தோன்றியிருக்கிறது. எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ. ஒரு வருடமாகக் குழாயையும் வாஷரையும் தவிர வேறெதையும் நினைக்காத எனக்கு இது தோன்றவே இல்லை.

ஆரோக்கியம் திரும்பாமலே பதில் சொன்னாள். "வண்டியில மருந்து இருந்துச்சும்மா. தோட்டத்துல ஒம்பது புள்ளைங்களுக்குக் காய்ச்சல். உங்கப்பா அதை விட்டுட்டு வர மாட்டாரு."

பிறகு கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஒரு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"மிச்சத்தை நீ சொல்லு, அண்ணே."

அண்ணே என்றாள், மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை ஞாயிறு நின்றிருக்கிறேன். அது கிடைத்த இடத்தில், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ உளறிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். அவள் தடுக்கவில்லை. கதவையும் சாத்தவில்லை.

நாளை ஞாயிறு. போகிறேன். மேரியை எதிரே உட்காரவைத்து அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் போகிறேன், பசித்ததையும் சேர்த்து. மாமா என்று அதன் பிறகு அவள் என்னைக் கூப்பிடாமல் போகலாம். பையன் பெரியவனானால் அவனுக்கும் நானே சொல்வேன், வேறு யார் வாயிலிருந்தும் அவன் கேட்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்தமுறை பாதியில் எழுந்து போக மாட்டேன்.

உங்கள் மனைவிக்கு அண்ணன், உங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
உங்களுக்கு என்றும் மச்சான்,
சவரிமுத்து
பாச்சாங், மலாக்கா